வாடுஸ் நகரத்துத் தபாலும் தொலைபேசியும்

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ரைன் நதியின் கிழக்குக் கரையை ஒட்டி, 160 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 40,000 ஜனத்தொகையும் கொண்ட லீக்டன்ஸ்டைன் என்னும் சிற்றரசில் உத்தியோக நிமித்தம் குடியேறுகிற எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தேசத்தில் தபாலுக்கு ஓர் எல்லை, தொலைபேசிக்கு வேறோர் எல்லை, சுங்கத்துக்கு இன்னோர் எல்லை. தேசப்படத்தில் வரைந்துள்ள கோட்டை மட்டும் நம்பி நடப்பவருக்கு வீண் செலவும் அலைச்சலும்தான் மிஞ்சும். தலைநகரமாகிய வாடுஸில் குடும்பத்தோடு வாசம் செய்த காலத்தில் நான் அறிந்துகொண்டவற்றை, புதிதாக வருவோருக்குப் பிரயோஜனப்படும் என்று கருதி எழுதுகிறேன்.

முதலில் தபால். 1912-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் தபால் தலைகள் வெளிவந்தபோது தபால் நிர்வாகம் ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. முதல் உலக யுத்தத்தில் அந்தச் சாம்ராஜ்யம் சிதறிப்போனபின், சிற்றரசு மேற்கே திரும்பி, சுவிட்சர்லாந்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1921 முதல் அந்நாட்டின் தபால் ஏற்பாட்டுக்குள் புகுந்தது. அந்தச் சம்பந்தம் இன்றைக்கும் கண்கூடு. வாடுஸுக்கு 9490, ஷான் ஊருக்கு 9494 என்று இங்குள்ள தபால் குறியீடுகள் சுவிஸ் வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. வாடுஸில் போட்ட கடிதம் ஜெனீவா வரைக்கும் உள்நாட்டுக் கட்டணத்திலேயே போய்ச் சேரும். ஆயினும் அதன்மேல் ஒட்டும் தலை மட்டும் லீக்டன்ஸ்டைனுடையதாகவே இருக்க வேண்டும். உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் ஆவலோடு வாங்கிய அந்தச் சின்னஞ்சிறு காகிதங்கள் நெடுங்காலம் அரசாங்கப் பொக்கிஷத்துக்குக் கணிசமான வருமானம் தந்தன என்பதையும், வாடுஸில் அவற்றுக்கென்றே ஒரு காட்சிசாலை இருப்பதையும் அறிந்தவருக்கு, இந்த ஓர் உரிமையை மட்டும் நாடு விட்டுக்கொடாததன் காரணம் எளிதில் விளங்கும்.

நதிக்கு அப்பால் சாங்க்ட் காலன் நகரத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், சுவிஸ் தலை ஒட்டிய கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து வாடுஸ் தபாலாபீஸில் நீட்டினார். உறையை வாங்கிய பெண், தலையின்மேல் அச்சிட்டிருந்த ‘ஹெல்வெஷியா’ என்னும் பெயரின் கீழே விரலை வைத்துக் காட்டி, புன்னகையோடு தலையை அசைத்து, இழுப்பறையிலிருந்து உள்ளூர்த் தலைகளின் தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். “காசும் ஒண்டு, கட்டணமும் ஒண்டு, பிறகேன் தம்பி முத்திரை மட்டும் வேறை?” என்று அக்கா என்னைக் கேட்டார், நான் சரித்திரத்தைச் சொல்லி முடிக்குமுன்பே தாளில் இருந்த மலைப்பூக்களில் மனம் பறிகொடுத்து, “பேரனுக்கும் ரெண்டு எடுத்துத் தரச் சொல்லுங்கோ” என்றார். சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறவர்கள் தங்கள் கடிதங்களை அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டு வருவது உத்தமம்.

தொலைபேசியின் கதை நேர்மாறானது. 1999 வரைக்கும் இந்நாடு சுவிஸ் தொலைபேசி அமைப்பினுள் 075 என்ற பிராந்திய எண்ணோடு அடங்கியிருந்தது. அவ்வாண்டிலே 423 என்னும் தனித் தேச எண்ணைப் பெற்றது. உள்ளூர் எண்களுக்கு ஏழு இலக்கங்கள்தாம். ஊருக்கு ஊர் முன்னெண் கிடையாது. ஆனால் ஷான் ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடுகிற புக்ஸ் பட்டணத்துக் கடைக்காரரை அழைப்பதும் இப்போது வெளிநாட்டு அழைப்பே. 0041 என்று தொடங்கியாக வேண்டும். ஆபத்துக் காலத்துக்குரிய எண்கள் மட்டும் சுவிட்சர்லாந்தில் உள்ளவையே: போலீசுக்கு 117, தீயணைப்புக்கு 118, ஆம்புலன்ஸுக்கு 144, பொதுவான 112-ம் உண்டு.

கைப்பேசி வைத்திருப்போர் இதைக் காட்டிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லீக்டன்ஸ்டைன் 1995 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் அங்கம் வகிக்கிறது, சுவிட்சர்லாந்து வகிக்கவில்லை. ஆகையால், ஐரோப்பிய ஒன்றியத்து சிம் கார்டோடு வருகிறவர், 2017-இல் நடைமுறைக்கு வந்த ரோமிங் சலுகையின்படி, வாடுஸில் தம் ஊர்க் கட்டணத்திலேயே பேசலாம். ஆனால் நதியோரமாக உலாவப் போகும் வேளையில் எதிர்க்கரைச் சுவிஸ் கோபுரத்தின் அலையைக் கருவி தானாகவே பற்றிக்கொண்டால் அந்தச் சலுகை அற்றுப்போகிறது. ஆஸ்திரிய சிம்மோடு எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், வீதியையே தாண்டாமல் வெளிநாட்டுக் கட்டணம் கட்டினார். கருவியின் அமைப்பில் வலையமைப்பைத் தானாகத் தேடும் ஏற்பாட்டை நிறுத்தி, லீக்டன்ஸ்டைன் வலையமைப்பை நாமே தேர்ந்துவைப்பதுதான் இதற்குப் பரிகாரம். இங்கேயே சிம் வாங்குவோர், திட்டத்தில் சுவிட்சர்லாந்தும் சேர்ந்திருக்கிறதா என்பதை விலைக்கு முன்னால் கேட்க வேண்டும்; மலிவென்று எண்ணி அதை விட்டுவிடுவது, நாள்தோறும் நதியைக் கடக்கிற இந்த ஊர்களில் கட்டுப்படியாகாது.

இணையத்தைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி இழை ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் வந்திருக்கிறது. இழை மின்சார ஸ்தாபனத்துக்குச் சொந்தம், அதன்வழிச் சேவையை வேறு கம்பெனிகள் அளிக்கின்றன. ஆகவே பழுது நேர்ந்தால் கம்பெனியிடமே முறையிட வேண்டும். சிரமம் இணையத்தில் பொருள் வாங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. பல கடைகளின் தேசப் பட்டியலில் இந்நாட்டின் பெயரே இராது. அப்போது சுவிட்சர்லாந்து என்று தேர்ந்து 9490 என எழுதினாலும் பொட்டலம் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் 1924 முதல் நாடு சுவிஸ் சுங்க வட்டத்துக்குள் இருப்பதால், ஜெர்மனியிலிருந்து வரும் புத்தகத்துக்கும் சட்டைக்கும் சுங்கப் பரிசீலனை உண்டு. வரித்தொகை ஐந்து பிராங்குக்குக் குறைந்தால் விட்டுவிடுகிறார்கள், மிஞ்சினால் கையாளும் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

இதனால் இங்குள்ளவர்களில் பலர், எல்லைக்கு அப்பால் ஆஸ்திரிய ஃபெல்ட்கிர்ஹ் நகரத்தில் பொட்டலங்களைப் பெற்றுவைக்கும் நிலையம் ஒன்றின் முகவரியைக் கொடுத்துவிட்டு, வாரக் கடைசியில் போய் எடுத்து வருகிறார்கள். நல்ல யோசனையே, ஆனால் திரும்பும் வழியில் ஷான்வால்ட் சாவடியில் நிற்பவர்கள் சுவிஸ் சுங்கத்தார். 2025 தொடக்கம் முதல் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரத்தக்க மதிப்பு 300 பிராங்கிலிருந்து 150-ஆகக் குறைந்திருக்கிறது. அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு மாத்திரமல்ல, முழு மதிப்புக்கும் வரி. தம்பதியராகப் போனால் ஆளுக்கு 150 என்பது உண்மையே எனினும், 200 பிராங்க் விலையுள்ள ஒரே பொருளை இருவர் கணக்கில் பிரித்துக் காட்ட முடியாது. ரசீதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே அறிவித்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.