பால் ஊறும், அஞ்ச வேண்டாம்

தலைப்பிள்ளை பெற்ற சகோதரி இரண்டாம் நாளே கண் கலங்குகிறாள்: "பால் ஊறவில்லையே!" சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் பிள்ளை பார்க்க வரும் பெண்களும் சும்மா இருப்பதில்லை. "பசியில் அழுகிறதே, சர்க்கரைத் தண்ணீராவது தொட்டு வை" என்பார்கள். தாயின் மனம் அங்கேதான் உடைகிறது.

ஃபிர்அவ்ன் ஆண் குழந்தைகளைக் கொன்றுவந்த காலத்தில், மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு அல்லாஹ் முதலில் அறிவித்தது என்ன? பிள்ளைக்குப் பாலூட்டும்படிதான் (28:7). ஆற்றில் விடும் பேச்சு அதற்குப் பிறகே வருகிறது.

முதல் நாட்களின் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். பிஞ்சு வயிற்றுக்கு அது போதும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டியைக் கொடுத்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். ஐந்தாம் நாளுக்குப் பின் தினம் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, முதலில் சற்றுக் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பினால், பால் போதுகிறது என்று அறியலாம். அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை.

பாலூட்டலின் நிறைவான காலம் இரண்டாண்டு என்று கூறும் வசனமே (2:233), தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தைமீது சுமத்துகிறது. கணவன்மார்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்! அவளுக்குச் சோறும் தூக்கமும் கிடைக்க வழி செய்யாமல், "பால் இல்லையா?" என்று கேட்பது நியாயமா?

ரமழானில், நோன்பினால் தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சுபவள் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். பிள்ளைக்காக மட்டும் விட்டவள், ஷாஃபிஈ மத்ஹபில் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும்.