சட்டை சொன்ன சாட்சி

சூறா யூஸுபை ஓதும்போதெல்லாம் அந்தச் சட்டையில் என் கவனம் நிற்கும். தம்பியை ஓநாய் தின்றுவிட்டதாகச் சொன்ன சகோதரர்கள், பொய் இரத்தம் பூசிய சட்டையைக் கொண்டுவந்தார்கள். அது எங்கும் கிழிந்திருக்கவில்லை. அதனாலேயே யஃகூப் (அலை) அவர்கள் பொய்யை அறிந்தார்கள் என்பர் விரிவுரையாளர்கள்.

தடயவியலும் இதையே கேட்கிறது: சொல்லும் கதைக்குத் தடயம் பொருந்துகிறதா?

அரிப்புக் கரையில் தோணியை இழுத்தால் மணலில் தடம் விழும். அதுபோல், சடலத்தை இடம் மாற்றினாலும் அடையாளம் எஞ்சும். இறந்ததும் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் தேங்கி, சில மணித்தியாலங்களில் அங்கேயே கறையாக நிலைத்துவிடும். மல்லாந்து கிடப்பவரின் மார்பில் அக்கறை இருந்தால், யாரோ புரட்டியிருக்கிறார்கள். உயிரோடு தீயில் சிக்கியவரின் மூச்சுக்குழாயில் பெரும்பாலும் கரி படிந்திருக்கும்.

றக்பி வீரர் வசீம் தாஜுதீன் 2012 மே 17இல் கொழும்பு நாரஹேன்பிட்டவில் தன் காரில் இறந்து கிடந்தார். முதலில் விபத்து என்றார்கள். 2015 ஆகஸ்ட்டில் தெஹிவளை மையவாடியிலிருந்து ஜனாஸா தோண்டியெடுக்கப்பட்டு, சட்ட வைத்திய நிபுணர்களால் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில் அது கொலையே என நீதிமன்றம் அறிவித்தது.

மாணவியரே, விஞ்ஞானத்தைப் புள்ளிக்காக மட்டும் படிக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை சட்ட வைத்தியத்துறையை விரும்பினால் தடுக்காதீர்கள். பேச முடியாத மையித்துக்காகச் சாட்சி சொல்ல நம் பெண்களும் வேண்டும்.