கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே

இங்கிலாந்தில் ஜி.பி. சர்ஜரி (குடும்ப மருத்துவர் கிளினிக்) ஒன்றின் மேனேஜராக இருந்து, மருத்துவச் சேவைகளைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி. அமைப்பின் இன்ஸ்பெக்‌ஷனை நேரில் பார்த்தவள் நான். அடுத்து உங்கள் சர்ஜரிக்கும் ‘சோதனைக்கு வருகிறோம்’ என்று அவர்களிடமிருந்து மெயில் வரும். வந்ததும் பெயின்டரைக் கூப்பிடலாம், வெயிட்டிங் ரூமில் புது நாற்காலி போடலாம் என்று சர்ஜரியை நடத்தும் பார்ட்னர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். எங்கள் மதிப்பெண்ணைக் கெடுத்தது ஒரு மாத்திரை.

மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாத நோயாளிகள் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் மருந்து. எலும்பு மஜ்ஜையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியது என்பதால், டோஸ் நிலைப்பட்ட பிறகும் சுமார் 12 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் தொடங்கிவைப்பார். பிறகு ‘ஷேர்டு கேர்’ ஏற்பாட்டில் மருந்துச் சீட்டு எழுதும் வேலை நம்மிடம் வந்துவிடும். எங்கள் நோயாளிகள் பலருக்கு ரத்தம் எடுப்பது மட்டும் ஆஸ்பத்திரியில் நடந்தது. ரிசல்ட்டும் அங்குள்ள கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

இன்ஸ்பெக்‌ஷன் குழுவில் ஜி.பி. ஒருவரும் இருப்பார். அவர் நம் வாசல்படி மிதிக்கும் முன்பே ரெக்கார்டுகளில் தேடல் ஓட்டிவிடுகிறார். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களில் ரிசல்ட் பதிவாகாதவர்களின் பட்டியல் அவர் கையில் இருந்தது. சிலருக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்திருந்தார்கள். சிலருக்கு எங்குமே எடுக்கவில்லை, ஆனாலும் மாத்திரை மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பில் எங்களுக்கு ‘ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ கிடைத்தது அதனால்தான்.

இதை நான் முன்பே பார்ட்னர்கள் கூட்டத்தில் சொல்லியிருந்தேன். ஃபார்மசிஸ்டுக்கு வாரத்தில் அரை நாள் ஒதுக்கினால் போதும் என்று கணக்கும் காட்டினேன். “அதெல்லாம் ஆஸ்பத்திரியில எடுத்துடுறாங்கம்மா, நாம வேற எதுக்குக் குத்தணும்?” என்றார் சீனியர் பார்ட்னர். அந்தப் பணம் ஒரு கன்சல்டன்ட்டுக்குப் போனது. அவர் தந்த பாலிசி ஃபைல்களில், தொற்றுத் தடுப்புப் பக்கத்தில் வேறொரு சர்ஜரியின் பெயர் அப்படியே கிடந்தது. காசு கொடுத்து ஃபைல் வாங்காதீர்கள். உங்கள் சர்ஜரியில் நடப்பதை நீங்களே எழுதுங்கள்.

மற்றவை வழக்கமான வேலைகள். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் குறிக்க வேண்டும். ஆக்ஸிஜன், டிஃபிப்ரிலேட்டர், அவசர மருந்துகளின் காலாவதித் தேதி, தீயணைப்புப் பயிற்சி, லீஜியோனெல்லா சோதனை, ஊழியர்களின் குற்றப் பின்னணி குறித்த டி.பி.எஸ். சான்று: ஒரு செக்லிஸ்ட் போட்டால் முடிந்தது.

ரிசப்ஷனிஸ்டுகளுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். ‘நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் போன் செய்தால் என்ன செய்வீர்கள்?’ என்று எங்கள் பெண்ணிடம் கேட்டார்கள். 999 அவசர எண்ணை அழைக்கச் சொல்வேன் என்று அவள் தயங்காமல் சொன்னாள். மதிய இடைவேளைகளில் நான் உட்கார்ந்து பழக்கியதற்குப் பலன் அது.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு இப்போது நாங்கள் செய்வதை அப்படியே செய்யுங்கள். தேடலை மாதந்தோறும் நீங்களே ஓட்டுங்கள். லித்தியம், அசத்தியோபிரின், லெஃப்லுனோமைடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓட்டுங்கள். ஆஸ்பத்திரி ரிசல்ட்டை நம் ரெக்கார்டில் ஏற்றிய பிறகே ரிப்பீட் மருந்துச் சீட்டுக்கு அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க வராதவரை டாக்டரே போனில் கூப்பிட வேண்டும். மருந்தை நிறுத்துவதா, குறைந்த நாளுக்கு மட்டும் கொடுப்பதா என்பதை ஸ்பெஷலிஸ்டிடம் கேட்டு முடிவெடுத்து, காரணத்தோடு பதிய வேண்டும். பட்டியலுக்கு ஒருவர் பொறுப்பு, அவர் லீவில் போனால் இன்னொருவர். இருவர் பெயரும் எழுத்தில் இருக்கட்டும்.

வரைவு அறிக்கை வந்ததும், தகவல் பிழைகளைச் சுட்டிக்காட்ட 10 வேலை நாட்கள் தருவார்கள். ‘ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்களே’ என்று எழுதிப் போராடலாம் என்றார்கள் எங்கள் பார்ட்னர்கள். நான் மறுத்தேன். சீட்டில் கையெழுத்திட்டவர் ரிசல்ட்டைப் பார்க்கவில்லை என்றால், ரத்தம் எங்கே எடுத்தால் என்ன? உண்மையான பிழைகளை மட்டும் ஆதாரத்தோடு அனுப்பினேன். அன்று போராடியிருந்தால் அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்வரை வாதாடிக்கொண்டே இருந்திருப்போம். பட்டியலைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

ரேட்டிங்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் சட்டம். மூலையில் மாட்டச் சொன்னவர்களும் உண்டு. நான் ரிசப்ஷன் மேசைக்கு நேர் எதிரே மாட்டினேன். பக்கத்திலேயே நாங்கள் என்னென்ன மாற்றினோம் என்பதையும் எழுதி ஒட்டினேன். நோயாளிகள் நின்று படித்தார்கள், கேள்வி கேட்டார்கள். தனக்கு ரத்தம் எப்போது பார்க்க வேண்டும் என்று மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் ஒரு பாட்டி அவராகவே வந்து கேட்டார். மறு இன்ஸ்பெக்‌ஷனில் ‘குட்’ கிடைத்தது.

சி.க்யூ.சி. மெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அந்தத் தேடலை ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தாலும் அன்றைக்கே டாக்டர் முன் கொண்டுபோய் வையுங்கள். உங்கள் பார்ட்னர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.