நாடிச் சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி

எங்கள் சாச்சா 48 வயதில் மௌத்தானார். மெலிந்த உடம்பு. ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேட்டிலுள்ள வீட்டுக்கு அவர் ஒரு நாளும் முச்சக்கரவண்டி பிடித்ததில்லை. மூன்று மாதங்களுக்கு முன்னர் எடுத்த ஈ.சி.ஜி. அறிக்கையிலும் குறை எதுவும் இருக்கவில்லை. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். வைத்தியசாலை போய்ச் சேரும் வரை உயிர் தாங்கவில்லை.

ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "ஈ.சி.ஜி. நல்லாத்தானே இருந்திச்சு?" நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் என்பதால் சிலர் அதை என்னிடமே கேட்டார்கள். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இதயம் நாள் முழுவதும் குருதியை இறைத்துக்கொண்டிருந்தாலும் தன் அறைகளில் நிரம்பும் குருதியிலிருந்து அது உணவு எடுப்பதில்லை. அதன் தசைக்கென்று தனியாக முடியுரு நாடிகள் இருக்கின்றன. பெருநாடியின் அடியில் தொடங்கி, கிரீடம் போல இதயத்தைச் சுற்றிப் படர்வதால் அந்தப் பெயர். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வைத்தியராக இருந்த இப்னு அந்நபீஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். இதயத்தின் வலது அறையிலுள்ள குருதியே இதயத்துக்கு உணவு என்று இப்னு ஸீனா கூறியதை அவர் மறுத்து, இதயத்தின் சதைக்குள் ஓடும் குழாய்களே அதைப் போஷிக்கின்றன என்றார். தான் பெரிதும் மதித்த ஆசானின் நூலுக்கு உரை எழுதும்போதே அவரைத் திருத்தியிருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

இந்த நாடிகளின் உட்சுவருக்குள் கொலஸ்திரோல் சிறிது சிறிதாகப் புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெண்குழியங்கள் கொழுப்பை விழுங்கி அங்கேயே இறக்கின்றன. இப்படி உருவாகும் படிவு பல வருடங்கள் எந்த வலியும் தராமல் வளரும். குழாய் படிப்படியாக அடைபட்டுக் கடைசியில் முழுவதும் மூடிக்கொள்வதுதான் மாரடைப்பு என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு. படிவின் மேலுள்ள மெல்லிய மூடி திடீரென்று வெடிக்கிறது, அந்த இடத்தில் குருதி உறைகிறது, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. வெடிப்பதற்கு முதல் நாள் வரை அந்தக் குழாயில் குருதி தாராளமாக ஓடியிருக்கலாம். ஈ.சி.ஜி. பதிவு செய்வது எடுக்கும் நேரத்தில் இதயத்தில் ஓடும் மின்சாரத்தை மட்டுமே. சுவருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. ஜனாஸா வீட்டில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அப்படியென்றால் சுவரைப் பார்க்க வழி உண்டா? பழைய படிவுகளில் கல்சியம் சேர்ந்து, கிட்டத்தட்ட எலும்பைப் போல இறுகிவிடும். எலும்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் அதே காரணத்தால் இந்தப் படிவும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆனால் இதயம் ஒரு கணமும் ஓய்வதில்லையே. ஓடுகிற குழந்தையைப் படம் பிடித்தால் கலங்கி விழுவதைப் போலத்தான் இதயத்தின் படமும் விழும். லண்டன் வைத்தியசாலை ஒன்றில் 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்த சீ.டி. ஸ்கேன் இயந்திரம் இதயத்துக்கு உதவாத அளவு மெதுவானது. அதை உருவாக்கிய கோட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979இல் அலன் கோர்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் வேகமான இயந்திரங்கள் வந்தன. நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர்களை ஒட்டி, இரு துடிப்புகளுக்கு இடையே இதயம் தளரும் கணத்தைப் பார்த்துப் படம் எடுக்கும் முறையும் வந்தது.

1990இல் அமெரிக்காவின் மியாமி பகுதியைச் சேர்ந்த இதய வைத்தியர் ஆர்தர் அகட்ஸ்டனும் அவருடைய சகாக்களும் இந்த வெள்ளைப் புள்ளிகளுக்குப் புள்ளி போடும் முறையை வெளியிட்டார்கள். (பிற்காலத்தில் அவர் எழுதிய உணவுக் கட்டுப்பாட்டுப் புத்தகத்தால்தான் உலகில் பலருக்கு அவரைத் தெரியும்!) முறை நம் கணித பாடத்தை விட இலகுவானது. ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் தண்ணீரின் அடர்த்தி 0, காற்றின் அடர்த்தி -1000. நாடியில் 130 அலகும் அதற்கு மேலும் உள்ள இடம் கல்சியம் எனக் கொள்ளப்படும். அந்தப் புள்ளியின் உச்ச அடர்த்தி 130 முதல் 199 வரை என்றால் 1, 200களில் 2, 300களில் 3, 400உம் அதற்கு மேலும் 4 என்று ஒரு பெருக்கெண் தரப்படும். புள்ளியின் பரப்பை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 12 சதுர மில்லிமீற்றர் பரப்பும் 350 அலகு அடர்த்தியும் உள்ள புள்ளிக்கு 12 × 3 = 36. 5 சதுர மில்லிமீற்றரும் 180 அலகும் உள்ள இன்னொன்றுக்கு 5. இவ்வாறு ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் உள்ள எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் வருவதுதான் கல்சியம் புள்ளி. இதற்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடலில் படும் கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவேர்ட். ஒரு மனிதர் இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் பெறும் சராசரிக் கதிர்வீச்சில் பாதிக்கும் குறைவு.

இந்த எண் எதிர்காலத்தைச் சொல்லுமா? அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய மெசா என்னும் ஆய்வில் இதய நோய் இல்லாத 6,814 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, புள்ளி 0 உள்ளவர்களோடு ஒப்பிடும்போது 101 முதல் 300 வரை உள்ளவர்களுக்கு இதய நோய்த் தாக்கம் ஏற்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் அதிகம். வயது, குருதியமுக்கம், கொலஸ்திரோல், புகைத்தல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அவை நோய் வரக்கூடிய காரணங்கள். கல்சியமோ நோய் ஏற்கனவே வந்து தங்கியதன் தடயம்.

ஆனால் 0 என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. கல்சியம் சேராத இளம் படிவுகள் இந்த ஸ்கேனில் தெரியாது. வெடிக்கக்கூடியவை பெரும்பாலும் அந்த மென்மையான படிவுகளே. அவற்றைப் பார்க்க நாளத்தில் மருந்து ஏற்றி எடுக்கும் வேறொரு சீ.டி. ஸ்கேன் உண்டு. இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்களின் கல்சியம் புள்ளி சில வேளை கூடும், ஆபத்தோ குறையும். மென்மையான படிவு இறுகிக் கல்லாவதே காரணம் என்கிறார்கள். இதைப் படித்தபோது முதலில் எனக்குப் பிழையாக அச்சிட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

நம்மைப் பற்றிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். மெசா ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் என நான்கு இனத்தவர் இருந்தார்கள், தெற்காசியர் இல்லை. அந்தக் குறையைப் போக்க 2010இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் சிக்காகோவிலும் தொடங்கப்பட்ட ஆய்வுக்கு மசாலா என்று பெயர். (ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்தன, சிரிக்க வேண்டாம்.) 906 தெற்காசியரில் தொடங்கிய அந்த ஆய்வில், ஆண்களின் கல்சியம் அளவு வெள்ளையருக்குச் சமமாகவும் மற்ற மூன்று இனத்தவரை விட அதிகமாகவும் இருந்தது. 2018இல் வெளியான அமெரிக்க வழிகாட்டல் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

சாச்சாவின் மௌத்துக்குப் பிறகு உம்மா வாப்பாவை விடவில்லை. வாப்பாவுக்கு 53 வயது. சீனி இல்லை, சிகரெட் இல்லை. குருதியமுக்கமும் கொலஸ்திரோலும் எல்லையைச் சற்றே தாண்டியிருந்தன. வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்க அவருக்கு விருப்பமில்லை. வைத்தியருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டும்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்குத்தான் ஸ்கேன் அதிகம் பயன்படுகிறது. நெஞ்சுவலியோடு துடிப்பவருக்கு இது உதவாது, அவர் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆபத்து மிகவும் அதிகம் என்று ஏற்கனவே தெரிந்தவருக்கும் இது தேவையில்லை, அவர் மாத்திரையைத் தொடங்கலாம்.

வாப்பா கொழும்புக்குப் போய் எடுத்து வந்தார். புள்ளி 142. அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நூற்றுக்கு நூற்றி நாப்பத்திரண்டா மகள்?" என்று கேட்டார். இந்தப் பரீட்சையில் குறைவாக எடுத்தவர்தான் கெட்டிக்காரர் என்று விளங்கப்படுத்தினேன். 100ஐத் தாண்டினால் ஸ்டேட்டின் தேவை என்கிறது அந்த வழிகாட்டல். அன்றிரவே மாத்திரை தொடங்கியது. நோன்பு காலத்திலும் இரவில் எடுக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் வாப்பாவின் முகம் தெளிந்தது.

ஸ்கேன் வாப்பாவைக் குணமாக்கவில்லை. அவரது மனதை மாற்றியது, அவ்வளவுதான். ஸ்கொட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடத்திய ஆய்விலும் இதையே காண்கிறேன். வழமையான பரிசோதனைகளோடு மருந்து ஏற்றி எடுக்கும் சீ.டி. ஸ்கேனும் செய்யப்பட்ட பிரிவில், ஐந்து வருடங்களில் மாரடைப்பும் இதய நோய் மரணமும் 2.3 சதவீதம். ஸ்கேன் செய்யப்படாத பிரிவில் 3.9 சதவீதம். படத்தைப் பார்த்த பிறகு தடுப்பு மருந்துகள் கூடுதலாகத் தொடங்கப்பட்டதே முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது.

மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இதய நோய் வராது என்று எங்கள் பக்கத்தில் பலர் சொல்வார்கள். பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களைப் பார்த்தால் அது உண்மை போலவே இருக்கும். 2017இல் வெளியான ஆய்வில் அவர்களில் 705 பேரைப் பரிசோதித்தபோது 85 சதவீதமானோரின் புள்ளி 0. ஆனால் அவர்கள் வேட்டையாடி, மீன் பிடித்து, பயிர் செய்து உண்பவர்கள். புகைப்பதும் மிகக் குறைவு. எங்கள் தோட்டங்களில் மலை ஏறுகிற கால் இருக்கிறது, அதோடு மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, சீனி போட்ட தேநீர், வெற்றிலையோடு புகையிலை ஆகியவையும் இருக்கின்றன.

எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா கொழுந்து பறிப்பவர். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடை சுமந்து முப்பது வருடங்கள். வரும்போதெல்லாம், "முதலாளி, ஒரு சித்தாலேப குடுங்க, முதுகு வலிக்குது" என்பார். பெண்களுக்கு இதய நோய் முதுகுவலி, தாடை வலி, களைப்பு, மூச்சுத் திணறல் என்றும் வரலாம் என்று படித்த நாள் முதல் அவர் வரும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. முதுகுவலி இல்லாத நாளே இல்லாத ஒருவருக்கு எந்த வலி கூடையால் வந்தது, எது இதயத்தால் வந்தது என்று எப்படித் தெரியும்? கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுக்க அவருடைய பல நாள் சம்பளம் போய்விடும். அவருக்கு முதலில் தேவை ஸ்கேனும் அல்ல. அரச வைத்தியசாலைகளில் 35 வயதைக் கடந்தோருக்கு குருதியமுக்கம், சீனி, நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் இருக்கின்றன. வயது, புகைத்தல், அமுக்கம், சீனி எல்லாவற்றையும் சேர்த்து, பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறமிட்ட ஓர் அட்டவணையில் ஆபத்தைக் கணிக்கிறார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் அங்கே கிடைக்கும்.

போன கிழமை அவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வேலை நாள்ல போனா பேரு போயிரும் பாப்பா. அரைப்பேரு கூட போட மாட்டாங்க. போயா லீவு அன்னிக்குப் போறேன்" என்றார்.

போயா தினத்தில் அந்த நிலையம் மூடியிருக்கும் என்று நான் சொன்னதும் சிரித்துக்கொண்டே சித்தாலேபவை எடுத்துக்கொண்டு போனார். வாப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, முன்பு குருதியமுக்கம் பார்க்க வாங்கி ஒரு தரம் மட்டும் பாவித்த கருவியை அலுமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். அடுத்த சம்பள நாளில் அந்த அம்மா கடைக்கு வரும்போது மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அளந்து எழுதுவது என் வேலை.