பச்சையை மறைக்க வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

கோண்டாவிலில் இருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஐந்து வயது மகன் கீரைக்கறியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறான். யூடியூபில் காட்டும் பச்சை ஸ்மூதியைச் செய்து கொடுக்கலாமா? அதில் சொல்லும் கேல் கீரைக்கும் பாதாம் பாலுக்கும் எங்கே போவது? பச்சை நிறம் தெரியாமல் இருக்க எதைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பச்சையை மறைக்க வேண்டாம். மறைத்துக் கொடுத்தால் அவன் குடிப்பது வாழைப்பழத்தைத்தான். இலையோடு அவனுக்கு எந்தப் பழக்கமும் வராது. இலை என்று தெரிந்தே, ருசி பிடித்தே அவன் குடிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

கேல் கீரையும் தேவையில்லை. இலையை அரைத்துக் குடிப்பது எங்கள் ஊருக்குப் பழைய விஷயம். முசுமுசுக்கை, முசுட்டை, முல்லை, வல்லாரை, தூதுவளை, முருங்கை என்று வேலியிலும் கிணற்றடியிலும் கிடைத்ததைப் பறித்து அரைத்துப் பிழிந்து, குழைந்த அரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டு, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்த இலைக்கஞ்சிதான் அது. தெற்கில் சிங்கள மக்களும் இதே முறையில் கொல கெந்த காய்ச்சிக் காலையில் குடிக்கிறார்கள். 2022 இல் பொருளாதார நெருக்கடியால் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் முருங்கைக்கு எவரும் வரிசையில் நிற்கவில்லை.

அந்தக் கஞ்சியின் சேர்மானத்தைக் கவனியுங்கள். இலையில் இருக்கும் பீற்றா கரோட்டீன் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பால் அதைத் தருகிறது. இலையின் இரும்புச்சத்தை உடல் இலகுவில் உறிஞ்சாது. விற்றமின் சி கூட இருந்தால் உறிஞ்சும் அளவு கூடும். தேசிக்காய் அதற்கு உதவுகிறது. கசப்பை ஆற்றப் பனங்கட்டி. நீங்கள் பிளெண்டரில் எதை அரைத்தாலும் இந்த மூன்றும் இருக்கட்டும்: கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேநீரில் உள்ள தனின் இரும்புச்சத்தைத் தடுக்கும். இலைக்கஞ்சி கொடுத்த கையோடு பிளேன்ரீ கொடுத்தால் பட்ட பாட்டில் பாதி வீண்.

இனி நிறம். பிள்ளைகள் முதலில் கண்ணால்தான் ருசி பார்க்கிறார்கள். பளிச்சென்ற பச்சையை ஏற்கும் பிள்ளை, சேற்று நிறத்தைத் தள்ளிவிடும். இலையின் பச்சையத்துக்கு நடுவில் மக்னீசியம் இருக்கிறது. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் அது கழன்று நிறம் மங்கிப் பழுப்பாகும். ஆகவே கஞ்சியென்றால் அரிசி நன்றாகக் குழைந்த பிறகு இலைச்சாற்றை விடுங்கள்; ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்; புளியை இறக்கிய பிறகு விடுங்கள். இப்படிச் செய்தால் சூட்டில் அழியக்கூடிய விற்றமின் சியும் தப்பும். பப்பாசி, கரட் போன்ற செம்மஞ்சள் நிறத்தவற்றை இலையோடு சேர்த்து அரைக்காதீர்கள், நிறம் கெடும். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பானைக்கூட அரைக்க வேண்டாம். துண்டாக வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். பனங்கட்டி செய்த வேலையை அது செய்யும்.

தொடக்கத்துக்கு முருங்கையிலை நல்லது. ஒரு சிறிய கைப்பிடி இலையை உருவிக் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே கொதித்தாறிய தண்ணீரில் போடுங்கள். பச்சை வாடை குறையும், நிறமும் நிற்கும். நன்றாகப் பழுத்த இதரை வாழைப்பழம் ஒன்று, அரைக் கோப்பை தேங்காய் முதற்பால், ஒரு கிள்ளு உப்பு சேர்த்து மைபோல அரையுங்கள். கடைசியாகச் சில துளி தேசிக்காய்ச் சாறு. சீனி வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். வடிக்கவும் வேண்டாம், வடித்தால் நார்ச்சத்துப் போய்விடும்.

அது பழகிய பிறகு வல்லாரை. பத்துப் பன்னிரண்டு இலை, இரண்டு துண்டு அன்னாசி, அரைக் கோப்பை இளநீர், அதன் வழுக்கை. இதற்குப் பாலோ தயிரோ விடாதீர்கள். பச்சை அன்னாசியில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். தூதுவளையும் குறிஞ்சாவும் கசப்புக் கூடியவை. அவை பிறகு, கஞ்சியில், கொஞ்சமாக வரட்டும். அரைத்ததை அச்சில் ஊற்றி உறையவைத்தால் பச்சை ஐஸ்பழம். நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீமுக்கு அடம்பிடிக்கும் பிள்ளை இதை வேண்டாம் என்று சொல்வது கடினம்.

முதல்நாளே அவன் விரும்பிக் குடிப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வயதில் புதிய சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது இயல்பு, அது அடமல்ல. அமெரிக்க உளவியலாளர் லியான் பேர்ச்சும் டயான் மார்லினும் 1982 இல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய உணவுகளை வேறுவேறு எண்ணிக்கையில், இருபது தரம் வரை, ருசி பார்க்கக் கொடுத்தார்கள். கூடிய தரம் ருசி பார்த்ததையே பிள்ளைகள் கூடுதலாக விரும்பினார்கள். ஆகவே இரண்டு நாள் தள்ளிவிட்டான் என்பதற்காகக் கைவிடாதீர்கள். சின்னக் கிளாசில் இரண்டு மிடறு அளவு வையுங்கள். அவனுக்கு முன்னால் நீங்களும் குடியுங்கள். மீதி வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். 'இதைக் குடித்தால் கார்ட்டூன் போடுவேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பேர்ச் 1984 இல் செய்த இன்னொரு ஆய்வில், பரிசுக்காகக் குடிக்கவைத்த பானத்தில் பிள்ளைகளுக்கு விருப்பம் குறைந்துபோனது. கூலி கொடுத்துக் குடிக்கவைப்பது கெட்ட சாமான் என்றுதான் பிள்ளையின் மனது கணக்குப் போடும்.

இலை பறிக்கும் வேலையை அவனுக்கே கொடுங்கள். முருங்கை உருவுவதும் பிளெண்டர் பொத்தானை அமத்துவதும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பதவி. திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போய், கீரைக்கட்டுகளில் ஒன்றை அவனையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் போனால் வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்துக்கும் போங்கள். மற்றவர்கள் ஊர்ச் சாப்பாட்டை ஆசையோடு சாப்பிடுவதை ஒரு பிள்ளை பார்ப்பது, நாங்கள் வீட்டில் சொல்லும் புத்திமதியை விடப் பலமானது.

பால்குடிக்கும் மகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் முருங்கையிலையை நீங்கள் கறியாகவும் கஞ்சியாகவும் சாப்பிடுங்கள். தாய் சாப்பிடுவதன் ருசி பாலில் இறங்கும். ஜூலி மெனெல்லாவும் அவருடைய குழுவும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கரட் சாறு குடித்திருந்தால், பின்னர் கரட் கலந்த உணவைக் குழந்தை முகம்சுழிக்காமல் ஏற்றுக்கொண்டது தெரியவந்தது. பிறகு கஞ்சி கொடுக்கத் தொடங்கினாலும், இனிப்புக்கென்று ஒரு வயது வரை தேன் சேர்க்க வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். வல்லாரை ஈரமண்ணை ஒட்டிப் படரும் இலை. பச்சையாக அரைப்பதானால் ஒவ்வொரு தண்டாகப் பிரித்துப் பல தண்ணீரில் அலசி, கடைசியில் கொதித்தாறிய தண்ணீரால் கழுவுங்கள். மருந்தடித்த இலையா என்று சந்தையில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வீட்டுக் கிணற்றடியிலேயே ஒரு பாத்தி போடுங்கள். இந்தப் பானம் சாப்பாட்டுக்குப் பதிலாகாது; அரைக் கிளாஸ் போதும். மகன் வெளிறி, சோர்ந்து இருந்தால் இலைச்சாற்றை நம்பிக் காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி இரத்தம் பரிசோதியுங்கள்.

உங்கள் மாமியார் இலைக்கஞ்சி நன்றாகக் காய்ச்சுவார், ஆனால் அது 'பழைய காலத்துச் சாப்பாடு' என்று நீங்கள் விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவரிடமே கேளுங்கள். எந்த இலையோடு எந்த இலை சேரும், எதைக் குறைக்க வேண்டும், எது சளிக்கு நல்லது என்பதெல்லாம் அவருடைய கையில் இருக்கிறது, யூடியூபில் இல்லை. இந்தச் சனிக்கிழமை மாமியார் கஞ்சி காய்ச்சட்டும், மகன் முருங்கை உருவட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று அளவுகளை எழுதி வையுங்கள். எழுதியதில் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா