ஈஸ்ட்டிலிருந்து இயற்கை வண்ணம்

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் பெயரிலேயே நெசவின் வரலாறு உள்ளது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியமர்த்திய காலெட் பேட்டையே, மக்கள் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. முற்காலத்தில் இக்கடற்கரைத் துணிகளுக்குச் சிவப்பை அளித்தது, மணற்பாங்கில் விளையும் சாயவேர். அதனை நீரிலிட்டுக் காய்ச்சி, படிகாரம் ஊட்டிய துணியில் ஏற்றினர். அச்சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868-ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானிகள் செயற்கையாகச் செய்து காட்டினர். பின்னர் ஆலைச்சாயம் சந்தையைக் கைப்பற்றியது. சாயவேரின் மதிப்புக் குன்றியது.

இன்று இயற்கை வண்ணங்களை மீண்டும் நாடுவோர் பெருகியுள்ளனர். வேரும் இலையும் மட்டுமன்றி, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரும் வண்ணம் தரவல்லது. கள்ளைப் புளிக்கச் செய்வதும் ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும் ஈஸ்ட்டே என்பதை அங்கத்தினர் அறிவர். அவ்வினத்தில் ரோடோடொருலா என்பது இளஞ்சிவப்பாக வளர்வது. கேரட்டில் உள்ள மஞ்சட்பொருளும் அதனைச் சேர்ந்த செம்பொருள்களும் அதில் உண்டு. ஃபாஃபியா என்னும் மற்றொன்று அஸ்டாசாந்தின் என்னும் செவ்வண்ணத்தைத் தருகிறது. காசிமேட்டில் வாங்கிய இறால் அடுப்பில் வெந்ததும் சிவக்கிறதன்றோ? அச்சிவப்பும் இதுவே. ஃபாஃபியா குளிர்ச்சியை விரும்புவது. சுமார் 20 பாகை வெப்பத்தில் செழிக்கும். நம் சென்னை வெயிலில் அதனை வளர்க்கக் குளிர்சாதனம் இன்றியமையாதது. அச்செலவைக் கணக்கிடாமல் ஆதாயம் பேசுதல் வீண்.

கரும்பாலையில் மிஞ்சும் கழிவுப்பாகு ஈஸ்ட்டுக்கு நல்ல உணவாகும். வளர்ப்பது ஒருபுறமிருக்க, வண்ணத்தை வெளிக்கொணர்வதே கடினம். வண்ணம் ஈஸ்ட் அணுவினுள் கொழுப்புத் துளிகளில் கரைந்து கிடக்கிறது; தடித்த சுவர் அதனைக் காக்கிறது. நீரில் ஊறவைத்தால் வெளிவராது. ஆகவே ஆய்வுக்கூடங்களில் ஹெக்சேன், அசிட்டோன், குளோரோஃபார்ம் முதலியவற்றைக் கையாண்டனர். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது; எளிதில் தீப்பற்றும்; அதன் ஆவியை நெடுநாள் சுவாசிப்போரின் நரம்புகள் கெடும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் மீனும் பாழாகியதை இப்பகுதியினர் மறக்கவில்லை. துணைக்கு வந்த கரைப்பானும் கால்வாயைச் சேருமாயின், பொருளை இயற்கை வண்ணம் என்றழைப்பதில் என்ன பொருளுண்டு?

பசுமை முறை என்பது இவ்விடத்தில்தான் பயன்படுகிறது. முதலில் சுவரை உடைக்கவேண்டும். நுண்மணிகளுடன் சேர்த்து அரைத்தும், செவிக்கெட்டா ஒலியலையைச் செலுத்தியும், சுவரைச் செரிக்கும் நொதிகளைச் சேர்த்தும் இதனைச் செய்கின்றனர். பிறகு எத்தனால் என்னும் சாராயத்தில் ஊறவைத்தால் வண்ணம் அதில் இறங்கும். எத்தனால் 78 பாகையில் கொதிப்பதால், காற்றழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த சூட்டிலேயே வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். இதுவும் தீப்பற்றும் பொருளே; அரசு அனுமதியும் வேண்டும். சூடு மிகுந்தால் வண்ணம் கெடும். ஒளியும் காற்றும் பட்டாலும் கெடும். எனவே இருளில், காற்றுப்புகாக் கலத்தில் வைப்பர்.

இவ்வண்ணம் விவசாயிக்குப் பயன்படும் அளவு நெசவாளருக்குப் பயன்படுமா? நம் கருத்தில், இன்றைய நிலையில் இல்லை. கோழிக்குத் தன் முட்டைக்கருவின் நிறத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, தீனியிலிருந்தே பெறவேண்டும். இறாலும் அவ்வாறே. தீனிக்கு ஈஸ்ட்டின் சுவரை உடைத்து உலர்த்தினாலே போதும். பிரித்தெடுக்கும் செலவு மிச்சமாகும். நூலின் நிலை வேறு. இவ்வண்ணம் கொழுப்பில் கரைவதாதலால், சாயவேரைப்போல் படிகாரத்தைப் பற்றிப் பருத்தியில் ஊன்றுவதில்லை; வெயிலில் வெளுக்கும்.

ஆதலின் எவரேனும் ஈஸ்ட் சாயம் என்று விற்க வந்தால், சங்கம் முன்பணம் கொடுக்குமுன் ஒரு சிட்டம் நூலைத் தோய்த்துப் பார்த்தல் நன்று. பாதியைத் தடித்த அட்டையால் மூடிப் பத்து நாள் வெயிலில் வைக்கவேண்டும். பின் ஒரு துண்டை வெள்ளைத் துணியுடன் சேர்த்துச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, அட்டையின் கீழிருந்த பாதியுடன் ஒப்பிடவேண்டும்.