கபடியும் கைகோத்தலும்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று ஆண்டுதோறும் விழா மேடைகளில் கேட்கிறோம். எப்படி ஆடினாலும் வளர்க்குமா என்பதே என் ஐயம்.

எங்கள் ஊரில் மேலத்தெருவுக்கு ஒரு கபடிக் குழு, எங்கள் காலனிக்கு ஒரு குழு. பொங்கலன்று இரண்டும் மோதும். அது கைகலப்பில் முடியாத ஆண்டுகள் குறைவு.

1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலறிஞர் நடத்திய ஆய்வைப் படித்தபோது இதன் காரணம் விளங்கிற்று. 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிப் போட்டிகள் வைத்தார்கள். பகை மூண்டு, ஒருவர் கொடியை மற்றவர் கொளுத்தும் வரை போனது. ஒன்றாக உண்ண வைத்தும் தணியவில்லை. இரு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி லாரியை இழுப்பது போன்ற வேலைகள் வந்த பிறகே தணிந்தது.

ஆகவே எதிரெதிராக ஆடுவதைவிட ஒரே பக்கம் நின்று ஆடுவதே உறவை வளர்க்கும் எனலாம். கபடி அதற்கு மிகவும் ஏற்றது. பாடி வருபவனைப் பிடிக்க, தடுப்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். ஆட்டமிழந்து வெளியே அமர்ந்தவர், தம் தோழர்கள் எதிராளியை வீழ்த்தினால்தான் மீண்டும் உள்ளே வரலாம். தீண்டாமையை நம் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்தது. கபடியின் விதியோ தீண்டாமல் ஆடவே விடாது!

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு ஊருக்கு ஒரு குழுதான் என்றார்கள். வேறு வழியின்றி இரு தெருவிலிருந்தும் ஆள் எடுத்தோம். ஏரிக்கரையில் இரண்டு மாதம் பயிற்சி. என் வலப்பக்கம் நின்ற மேலத்தெரு நண்பன் முதல் வாரம் என் விரல் நுனியைத்தான் பிடித்தான். பாடி வந்தவன் இருமுறை சங்கிலியை அறுத்துக்கொண்டு போன பின் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

இரண்டாம் சுற்றிலேயே தோற்றோம். திரும்பிய அன்று அவன் வீட்டுத் திண்ணையில் எனக்குத் தண்ணீர் தந்தான். அவன் பாட்டி அந்தச் சொம்பைத் தனியே எடுத்து வைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் பயிற்சி நிற்கவில்லை. பொங்கல் ஆட்டத்துக்கு இப்போது சீட்டுக் குலுக்கிக் குழு பிரிக்கிறோம். நம் கல்லூரியிலும் துறைவாரிப் போட்டிகளுள் ஒன்றையாவது அப்படி ஆடிப் பார்க்கலாமென உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன்.